மூன்றரை அடி தூரத்தில் ஒரு மைனா

எட்டுப் படங்கள் வேண்டும் என்றார் மிஸ் மார்க்கிரட். எட்டும் பறவைகளாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே எடுத்ததாக இருக்க வேண்டும். மாணவிகள் பார்த்து வரையும் அளவுக்குத் தெளிவாக, மார்ச் மாதக் கடைசிக்குள் அவர் மேசைக்கு வர வேண்டும். கொண்டுவந்தால் பிரிக்பீல்ட்ஸில் அவர் நடத்திய பெண்கள் பள்ளியில் இயற்கைப் பாட ஆசிரியை வேலை எனக்கு. இல்லாவிட்டால் அது இராசேஸ்வரிக்கு.

இராசேஸ்வரி ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் மிஸ் மார்க்கிரட் போகிற வேதக்கோயிலில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவள். நான் மிஷன் உபகாரச் சம்பளத்தில் கப்பலேறிச் சென்னைக்குப் போய் விலங்கியல் படித்து பி.ஏ. வாங்கியவள். எங்கள் வம்சத்திலேயே கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் பெண். அதனால் என்ன? தோட்டத்து மண்டோர் கன்னையாவின் தங்கை வீரம்மா என்றுதான் என் விண்ணப்பத்தின் மூலையில் யாரோ பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள்.

"உம்மடை பட்டத்தை நான் குறை சொல்லேல்லை," என்றார் மிஸ் மார்க்கிரட். சுவரில் தொங்கிய இங்கிலீஷ் பறவைப் படத்தைக் காட்டினார். சிவப்பு மார்பு ரோபின், பனியில் உட்கார்ந்திருந்தது. "இந்தக் குருவியை இஞ்சை ஆர் கண்டது? இன்ஸ்பெக்டர் போன முறை வந்து கேட்டிட்டுப் போனவர். எங்கட ஊர்ப் பறவை வேணும். இரண்டு பேருக்கும் இதே வேலையைத்தான் குடுக்கிறன். ஆர் நல்லாச் செய்யினமோ, அவைக்கு."

பள்ளியின் பெட்டிக் கேமராவையும் நான்கு பிலிம் ரோல்களையும் என்னிடம் கொடுத்தார். இராசேஸ்வரியின் தகப்பனாரிடம் சொந்தமாகவே கேமரா இருந்தது.

வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது. தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணி நாகையா, மனைவி செத்தவர், மூன்று பிள்ளைகள். "ஏப்ரல் வரைக்கும் பார்க்கிறேன், அப்புறம் பேச்சில்ல," என்று அண்ணன் சொல்லியிருந்தான். நாகையாவுக்கு என் வயது மாதிரி இரண்டு மடங்கு. பி.ஏ. படித்த பெண் என்றால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆகும் என்று அவரே பெருமையாகச் சொன்னாராம்.

எட்டுப் பறவைகள், இல்லாவிட்டால் நாகையா. 1937 ஜனவரியில் என் நிலைமை அவ்வளவுதான்.

*

எங்கள் வீடு கிள்ளான் டவுன் முடிகிற இடத்தில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. கொல்லையில் இரண்டு பப்பாளி மரங்கள், ஒரு கொய்யா, ஓரமாகச் செம்பருத்தி வேலி. வேலிக்கு அப்பால் லாலான் புல். அதற்கும் அப்பால் அண்ணன் மண்டோராகப் புல்வெட்டு ஆட்களை மேய்க்கிற ரப்பர் தோட்டம்.

முதல் ரோலை மூன்றே நாளில் முடித்துவிட்டேன். மரத்தில் எது உட்கார்ந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கழுவுவதற்கு டவுனில் ஜெயராஜின் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். கல்யாண ஜோடிகளையும் பாஸ்போர்ட்டுக்கு முகங்களையும் எடுத்துப் பிழைக்கிறவன். வாய் மட்டும் நீளம்.

"டீச்சர், இதுல பறவை எங்க?"

"அதோ, கிளை மேல."

"இதுவா? பிலிம்ல தூசின்னு நெனச்சு நான் ரெண்டு தடவ ஊதிப் பார்த்தேன் லா."

எட்டுப் படத்திலும் அதே கதைதான். மரம் இருந்தது, வானம் இருந்தது, தகரக் கூரைகூடப் பிரமாதமாக இருந்தது. பறவை மட்டும் கடுகு.

"இன்னும் டீச்சர் ஆகல. வாய அடக்கு," என்றேன்.

"ஆவுறதுக்குத்தானே எடுக்கிறீங்க? இந்தப் பொட்டிக்குப் பத்தடிக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாது. கிட்டப் போனா கலங்கிடும். தூரம் நின்னா கடுகு." மேசை இழுப்பறையிலிருந்து வளையம் போட்ட சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்தான். "முகம் எடுக்க நான் போடுறது. இத முன்னால மாட்டினா மூணரை அடியில தெளிவா விழும். சரியா மூணரை. ஒரு சாண் முன்ன பின்ன ஆனா போச்சு. உடைச்சீங்க, உங்க கல்யாணத்துக்கு நான் படம் எடுக்க மாட்டேன்."

மூன்றரை அடி தூரத்தில் எந்தப் பறவை வந்து நிற்கும்? நான் வீட்டுக்கு வந்து ஒரு மூங்கில் குச்சியை மூன்றரை அடிக்கு வெட்டினேன். கேமராவை ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து, சாக்கு சுற்றி, கண் மட்டும் வெளியே தெரிய விட்டேன். குச்சியால் அளந்து, அதன் முனையில் ஒரு கொய்யாக் கிளையை நட்டேன். பின்னால் துணிக்கொடி தெரிந்தது. அதை அவிழ்த்து வீட்டின் மறுபக்கம் கட்டினேன். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை வெயில் என் முதுகுப் பக்கமிருந்து கிளையின் மேல் விழும். கேமராவின் விசையில் தையல் நூலைக் கட்டி, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தேன். பிலிம் போடாமலேயே ஐந்து நாள் அந்தச் சாக்கு மூட்டையை வெளியே விட்டேன். பறவைகளுக்குப் பழகட்டும் என்று. கிளையில் தினமும் ஒரு பப்பாளித் துண்டு செருகினேன்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு தப்பும் என்னுடையது, ஒவ்வொரு திருத்தமும் என்னுடையது. அதைச் சொல்வதில் அப்போது எனக்கு ஒரு திமிர் இருந்தது.

சமையலறைக்குள் நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பேன். பின்னால் அண்ணி சிரிப்பாள்.

"மெட்ராஸுக்குப் போயி இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா? தூண்டில் போடுற மாதிரி இருக்கு."

"சும்மா இருங்க அண்ணி. மைனா வருது."

"வரட்டும். நாகையா வராம இருந்தா சரி."

அண்ணியின் பெயர் இராஜம்மா. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் நான் சென்னைக்குப் போக அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தபோது, அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று இரண்டு நாள் உட்கார்ந்தவள் அவள்தான். மூன்றாம் நாள் காலை பசி தாங்காமல் அண்ணன் கையெழுத்துப் போட்டான். அந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகம் நினைத்தவள் ஒருத்தி உண்டு என்றால் அது அவள்.

தீபாவளிக்குப் பிறகு அவளுக்குக் கால் எரிச்சல் வந்திருந்தது. "மிளகாய அரைச்சுப் பாதத்துல அப்பின மாதிரி இருக்கு," என்பாள். பிறகு எரிச்சல் போய் மரத்துப்போக ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்தாள். வாந்தி, வயிற்றுப்போக்கு. உள்ளங்கைத் தோல் தடித்துச் சொரசொரவென்று ஆனது. தோட்டத்தில் டாக்டருக்குப் பதில் மருந்து கொடுக்கிற டிரெஸர் பார்த்துவிட்டுப் பெரிபெரி என்றார். தீட்டிய அரிசி தின்கிற கூலிக்காரர்களுக்கு வருவதுதான், தவிடும் பச்சைப்பயறும் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினார். பெரிபெரி பற்றி நானும் புத்தகத்தில் படித்திருந்தேன். கால் மரத்துப்போகும் என்று அதிலும் இருந்தது. சரிதான் என்று தலையாட்டிவிட்டு என் நூலைப் பிடிக்கப் போய்விட்டேன்.

*

இரண்டாவது ரோலில் பறவைகள் பெரிதாக விழுந்தன. கொய்யாக் கிளையின் பட்டை வெடிப்புகூட எண்ணும்படி இருந்தது. ஆனால் மைனாவுக்குத் தலை இல்லை. கொண்டைக்குருவி இருந்த இடத்தில் ஒரு வால். தேன்சிட்டு வெறும் புகை. கிளையிலேயே தூங்குகிற ஒரு புள்ளிப்புறா மட்டும் ஒழுங்காக வந்திருந்தது.

"இந்தப் பொட்டி மெதுவாத்தான் கண்ண சிமிட்டும்," என்றான் ஜெயராஜ். "அதுக்குள்ள உங்க ஆளு மூணு தடவ தலையத் திருப்பிடுறான். அசையாம இருக்கச் சொல்லுங்க, டீச்சர். என்கிட்ட வர மாப்பிள்ளைக்கெல்லாம் நான் கழுத்துக்குப் பின்னால கம்பி வெச்சித்தான் நிக்க வைக்கிறேன்."

ஒரு படம் ஆயிற்று, இன்னும் ஏழு வேண்டும். இரண்டு ரோல் மீதி. பிப்ரவரி பிறந்துவிட்டது. இராசேஸ்வரி ஐந்து படம் எடுத்துவிட்டாள் என்று ரயிலில் யாரோ சொன்னார்கள்.

அந்த மாதம் மழையே இல்லை. கொல்லைப் புல் காய்ந்து பழுத்தது. பப்பாளியைப் பறவைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றுக்கு வேண்டியது தண்ணீர் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர் குடிக்கும்போதும் குளிக்கும்போதும் பறவை கொஞ்ச நேரமாவது ஓரிடத்தில் நிற்கும். ஒரு தட்டையான பாத்திரம் வேண்டும்.

எங்கள் வீட்டில் டின்களுக்குக் குறைவில்லை. போன வருஷம் தீபாவளிக்கு முன் அண்ணன் தோட்டத்திலிருந்து காலி டின்கள் கொண்டுவந்திருந்தான். நாலு கேலன் பிடிக்கிற சதுர டின், கனமான தகரம். மணலும் சாம்பலும் போட்டு அண்ணி தேய்த்துக் கழுவினாள். மேல் மூடியை வெட்டிக் கைப்பிடி பற்றவைத்தால் குளிக்கிற தண்ணீருக்கு ஒன்று, துணி ஊறவைக்க ஒன்று. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் அதே டின்தான். சின்னதாக, இறுக்கமான மூடி போட்ட ஒன்றை அண்ணி பழைய சோற்றுக்கு வைத்துக்கொண்டாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி அதில் மூடி வைப்பாள். காலையில் அண்ணனுக்கும் எனக்கும் சுடச்சுடத் தோசையோ ரொட்டியோ போட்டுவிட்டு, நாங்கள் எழுந்த பிறகு பின்வாசலில் நின்றபடி அதைக் கரைத்துக் குடிப்பாள். நான் கேட்டால், "படிச்ச பொண்ணு பழையதத் திங்கக் கூடாது, புத்தி மந்திச்சிரும்," என்பாள்.

"இந்த டின்னு நல்ல டின்னு," என்று அண்ணன் மெச்சிக்கொள்வான். "எறும்பே கிட்ட வராது, பாரு."

கழுவாத டின் ஒன்று குளியலறைக்குப் பின்னால் கிடந்தது. அண்ணனின் தகரக் கத்திரியால் அதை நாலு விரல் உயரத்துக்கு வெட்டினேன். உள்ளே மூலைகளில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. பறவைக்குத்தானே என்று ஒரு தடவை அலசி ஊற்றினேன். மூங்கில் குச்சியால் அளந்து, விளிம்பு மட்டும் வெளியே தெரியத் தரையில் புதைத்துத் தண்ணீர் நிரப்பினேன்.

முதல் நாள் ஒரே கூத்து. மைனாக்கள் ஜோடியாக வந்து தண்ணீரை வாரி இறைத்தன. நான் நூலை இழுக்கவில்லை. பழகட்டும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் காலை ஒரு மைனா விளிம்பில் உட்கார்ந்திருந்தது. இறகை உப்பிக்கொண்டு, கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, வெயிலுக்கு முகம் காட்டி, பொம்மை மாதிரி. நூலை இழுத்தேன். விசை கிளிக்கென்றது. பறக்கவில்லை. பிலிமைச் சுற்ற நான் வெளியே போயாக வேண்டும். எழுந்து போனேன். மூன்றரை அடி தூரத்தில் நான் நிற்கிறேன், அது என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறது. சாக்கைத் தூக்கிக் குமிழைச் சுற்றினேன். அப்போதும் அசையவில்லை.

என் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன். அது என்னை நம்பிவிட்டது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அடுத்த எட்டு நாட்களில் எல்லாம் வந்தன. குண்டுக்கரிச்சான், கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, இரண்டு சிட்டுக்குருவிகள். ஒவ்வொன்றும் முதலில் வந்து குடித்துப் போகும். பிறகு திரும்பி வந்து விளிம்பில் அடங்கி உட்காரும். நான் நூலைக்கூட விட்டுவிட்டேன். நேராகப் போய் விசையைக் கையாலேயே அழுத்தினேன்.

*

பிரிண்ட்களை மேசையில் பரப்பியபோது ஜெயராஜ் முதல் தடவையாகக் கேலி பேசவில்லை. ஒவ்வொன்றையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். தேன்சிட்டின் கழுத்தில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது.

"கழுத்துக்குப் பின்னால கம்பி வெச்சிட்டீங்களா?"

"பொறுமை. உனக்கெல்லாம் தெரியாது."

"இல்ல, டீச்சர், நெசமாத்தான் கேக்குறேன். மயக்க மருந்து ஏதும் போட்டீங்களா? எல்லாம் கண்ண பாதி மூடிக்கிட்டு இருக்கே."

"வெயில் கூசுது. அதான்."

விலங்கியல் படித்தவள் சொன்ன பதில் அது. அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் படங்களை உறையில் போட்டுத் தந்தான்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழ முயன்று முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். காலை இரண்டு கையாலும் தூக்கி நீட்டிக்கொண்டாள். "அது கெடக்கட்டும், படத்தக் காட்டு," என்றாள். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். வாய் நிறையச் சிரித்தாள். கொண்டைக்குருவி வந்ததும் சிரிப்பு நின்றது.

"இதுக்கு இந்தச் செறகுல ஒரு வெள்ள முடி இருக்கு, பாரு. இத நான் அள்ளிப் போட்டேனே."

"எத அள்ளிப் போட்டீங்க?"

படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் மறுபடி கேட்டேன்.

"செம்பருத்திக்கு அடியில செத்துக் கெடந்துச்சும்மா. நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் கொல்லைய ஒரு சுத்து பார்த்துடுவேன். கெடக்கிறத முறத்துல அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் பொதச்சிடுவேன்."

"எத்தனை?"

"பதினொண்ணு. இன்னிக்குக் காலையில ஒரு மைனா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நல்ல காரியத்துக்குன்னு ஒக்கார்றவளுக்குக் காலங்காத்தால கண்ணுல செத்ததக் காட்டுவாங்களா? காரியம் கெட்டுரும்ல?" என்று என்னையே கேட்டாள்.

நான் கொல்லைக்குப் போனேன். டின்னைத் தோண்டி எடுத்துக் கவிழ்த்தேன். மூலையில் இன்னும் வெள்ளை இருந்தது. மத்தியானம் அண்ணன் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, அந்த டின்னில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"லாலான் மருந்து. தண்ணியில கலக்கித் தெளிக்கிறது. ஏன்?"

"மருந்துன்னா?"

"புல்லு கருகிடும். மாடு நக்குனா மாடு விழுந்துடும். அதுக்குத்தான் நல்லா கழுவி வெச்சிருக்கோமே."

பாஷாணம். நான் அதை வாய்விட்டுச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. சமையலறைக்குப் போய்ப் பழைய சோற்று டின்னைத் திறந்தேன். நாளைக் காலைக்கான சோறு அதில் ஊறிக்கொண்டிருந்தது. டின்னின் மடிப்புக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினேன். மணலும் சாம்பலும் எட்டாத அந்த மடிப்பிலிருந்து வெள்ளையாகத் தூள் வந்தது. தீபாவளியிலிருந்து தினமும் காலையில் எங்கள் அண்ணி இதைத்தான் நின்றபடி குடித்திருக்கிறாள். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் சுடச்சுடச் சாப்பிட்டோம்.

*

படங்களை எடுத்துக்கொண்டு டிரெஸரிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. எங்க எடுத்தது?"

"புறாவத் தவிர இது எல்லாம் அந்த டின் தண்ணியக் குடிச்சி செத்தது. எங்க அண்ணியும் அதையேதான் குடிக்கிறாங்க. அவங்களுக்குப் பெரிபெரி இல்ல."

"அப்ப இந்தக் குருவிக்கும் பெரிபெரியா?" என்று சிரித்தார். சிரித்து முடித்து, கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் பேசினார். "இங்க பாரும்மா. காலி டின்ன தோட்டம் யாருக்கும் குடுக்கிறதில்ல. குழி தோண்டிப் பொதைக்கச் சொல்லி உத்தரவு. உங்க வீட்டுக்கு டின் வந்துச்சுன்னா உங்க அண்ணன் திருடினதுன்னு அர்த்தம். எழுதட்டுமா? எழுதுனா மொதல்ல போலீஸு, அப்புறம்தான் வைத்தியம்."

வீட்டில் அண்ணன் மண்வெட்டியால் டின்களை ஒவ்வொன்றாக அடித்து நசுக்கிக்கொண்டிருந்தான். நான் டிரெஸர் சொன்னதைச் சொன்னேன். அவன் நிமிரவில்லை. "குழியில போடுறதத்தானே எடுத்தேன்," என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மறுநாள் லயத்துக்குப் போய் ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னேன். டின்னைத் தூக்கி எறியுங்கள், அதில் விஷம் இருக்கிறது. சில பெண்கள் உள்ளே இழுத்து மறைத்தார்கள், நான் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று. ஒருத்தி, "நாங்களும் கழுவித்தான் வெச்சிருக்கோம், படிச்சவங்களே," என்றாள். அவர்களுக்கு வேறு பாத்திரம் வாங்கித்தர என்னிடமும் வழியில்லை. கையில் இருந்தது எட்டுக் குருவிப் படம்.

அண்ணியை டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் நான் சொன்னதை நம்பினார். நகத்தில் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோட்டைக் காட்டி, அது பாஷாணத்தின் அடையாளம் என்று எனக்கே விளக்கினார். அதை நானும் பார்த்திருந்தேன். அந்தச் சோறு நின்றால் உயிர் தங்கலாம், கால் திரும்புவது சந்தேகம், தினமும் யாராவது கூட இருந்து பார்க்க வேண்டும், தோட்டத்துப் பக்கமே வைக்காதீர்கள் என்றார். வேறு எங்கே வைப்பது?

அப்போதுதான் நினைவு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் பள்ளியின் பின்னால் ஆசிரியைகளுக்கு அறைகள் உண்டு. வேலை கிடைத்தவளுக்கு ஓர் அறை.

*

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி மிஸ் மார்க்கிரட்டின் மேசையில் எட்டுப் படங்களையும் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் இராசேஸ்வரியின் படங்கள் இருந்தன. எட்டும் கடுகு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கடவுளே. எவ்வளவு வடிவாய் இருக்கு. இவ்வளவு கிட்ட எப்பிடிப் போனனீர்?"

ரயிலில் வரும்போது ஒரு பதிலைத் தயார் செய்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"அதுங்க செத்துக்கிட்டு இருந்துச்சு, மிஸ்," என்றேன். டின்னைப் பற்றிச் சொன்னேன். பதினொரு பறவைகளைப் பற்றிச் சொன்னேன். அண்ணியின் காலைப் பற்றிச் சொன்னேன். லயத்து வாசல்களில் இன்னும் அந்த டின்கள் இருக்கின்றன, உங்களுக்குப் பெரிய மனிதர்களைத் தெரியுமே, யாரிடமாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே தாழ்வாரத்தில் யாரோ நின்று பார்த்தார்கள்.

அவர் கடைசிவரை கேட்டார். குறுக்கே பேசவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"பாவம்," என்றார். எதைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அது தோட்டத்துக் காரியம், பிள்ளை. பள்ளிக்கூடம் அதுக்குள்ளை தலையை விடேலாது. எங்கட கமிட்டியிலையும் தோட்டத்து துரைமார் இருக்கினம். உமக்கு விளங்கும்." பிறகு இழுப்பறையிலிருந்து கறுப்பு அட்டை ஆல்பம் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "படம் உம்மடைதான் நல்லது. அதை நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன். வேலை உமக்கு. இதிலை ஒட்டி, பெயர், என்ன தின்னும், என்ன செய்யுதெண்டு கீழை எழுதும். என்ன செய்யுது? ஓய்வெடுக்குது எண்டு எழுதும். பிள்ளையளுக்கு அது போதும்."

"எழுதாட்டி?"

"எழுதாட்டி ஆல்பம் இல்லை."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மைக்கூட்டின் மூடியைத் திறந்து வைத்தார்.

நான் எழுதினேன். கத்தியிருக்கலாம். படங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். என்னைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். அண்ணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். அவளைக் கொண்டுபோய் வைக்க எனக்கு ஓர் அறை வேண்டும். நாகையா வீட்டில் வேண்டாம். மைனா. பழங்கள், புழுக்கள் தின்னும். ஓய்வெடுக்கிறது. குண்டுக்கரிச்சான். பூச்சிகள் தின்னும். ஓய்வெடுக்கிறது. எட்டுக்கும் அதையே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார் மிஸ் மார்க்கிரட்.

ஏப்ரலில் அண்ணியை அந்த அறைக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலோரம் கட்டில் போட்டு, அவளுக்குச் சோறு சுடச்சுட வடித்துப் போட்டேன். "பழையது இருந்தா குடு, வீணாப் போவுது," என்று தினமும் கேட்டாள். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவள் இதயம் நின்றுபோனது. சான்றிதழ் எழுதியவர் பழைய சீட்டைப் பார்த்துப் பெரிபெரி என்றே எழுதினார். அண்ணன் கையெழுத்துப் போட்டான். நான் பக்கத்தில் நின்றேன். அவன் மறுபடி தோட்டத்துக்குப் போய்விட்டான். அங்கே இன்னும் லாலானுக்கு மருந்து தெளிக்கிறார்கள்.

நானும் வேலையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் நான்காம் வகுப்புக்கு இயற்கைப் பாடம். ஆல்பத்தைக் கரும்பலகைக்கு முன்னால் திறந்து வைப்பேன். நாற்பது பெண்கள் தலைகுனிந்து வரைவார்கள். வரிசைக்கு வரிசை நடந்து பார்க்கிறேன். எல்லா மைனாவும் உப்பியிருக்கும். கழுத்தே இருக்காது. எல்லாக் கண்ணும் பாதி மூடியிருக்கும். கண்ணுக்கு மேலே அந்த இமைக் கோட்டைக்கூட அக்கறையாக ரப்பரால் அழித்து அழித்துச் சரிசெய்வார்கள்.

போன வாரம் கடைசிப் பெஞ்சில் இருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். தோட்டத்திலிருந்து புதிதாக வந்தவள்.

"டீச்சர், எங்க வூட்டாண்ட வர மைனா இப்படி இருக்காது. ஒல்லியா, நட்டமா நிக்கும். கண்ணு நல்லா தெறந்திருக்கும்."

அவள் நோட்டில் அப்படித்தான் போட்டிருந்தாள். கால் இரண்டும் ஊன்றி, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து எதையோ கத்திக்கொண்டு நின்றது அந்த மைனா. கதவருகே மிஸ் மார்க்கிரட் வந்து நின்றிருந்தார். அன்று இன்ஸ்பெக்டரும் கூட இருந்தார்.

"படத்துல எப்படி இருக்கோ அப்படிப் போடு," என்றேன்.

அவள் ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தாள்.